லெஃப்ட் அவுட் பலராம்

பி.டி. பீரியடில் ஒரு கால்பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வாத்தியார் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு பேரும் (சில சமயம் முப்பது பேரும்) பந்து இருக்கும் இடத்துக்கே ஓடுவார்கள். புழுதி தெரியும், பந்து தெரியாது. அணி பிரிக்கும்போதே பாதிப் பேர் "நான்தான் சென்டர்" என்று சொல்லிவிடுவார்கள். ஓரத்தில் போய் நில்லுடா என்றால் முகம் சுருங்கிவிடும். அங்கே நிற்பவனிடம் பந்து வருவதற்குள் மணி அடித்துவிடும். அப்படியே வந்தாலும், கஷ்டப்பட்டு ஓடிப்போய் நடுவில் இருப்பவனுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். கோல் விழுந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவது நடுவில் இருந்தவனைத்தான்.

இது பெண்ணாடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சங்கதி மட்டுமல்ல. கால்பந்தாட்டத்துக்குச் சட்டதிட்டம் எழுதப்பட்ட நாளிலிருந்து பயிற்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் சங்கதி. தாக்குதலை நடுவில் வைப்பதா, ஓரத்தில் வைப்பதா? அணியிலேயே கெட்டிக்காரனை எங்கே நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஒரு பதில் கண்டுபிடித்தார். அதனால் 1962-ல் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் கிடைத்தது. அந்தப் பதிலில் ஓரத்துக்குப் போனவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பெயர் துளசிதாஸ் பலராம். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். நாட்டில் முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதில்லை.

கார்டு லைனும் மெயின் லைனும்

முதலில் ஓரம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போக இரண்டு ரயில் பாதைகள் இருக்கின்றன. ஒன்று விழுப்புரம், விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர் என்று நேராகப் போகும் கார்டு லைன். இன்னொன்று கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிப் போகும் மெயின் லைன். நேர்வழி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனாலேயே வண்டிகள் அதில் நெருக்கியடிக்கும். (சுற்றுவழிக்கு மெயின் என்றும் நேர்வழிக்கு வேறு பேரும் வைத்தவர்களுக்குக் கால்பந்து தெரிந்திருக்குமோ என்னவோ!)

கால்பந்து மைதானத்திலும் இதே கதைதான். கோலுக்கு மிகக் குறுகிய வழி நடுவழி. எதிரணியும் அதை அறியும், ஆகவே அங்கேதான் ஆட்களைக் குவிக்கும். ஓரத்தில் இடம் காலியாகக் கிடக்கும், ஆனால் அங்கிருந்து நேராக கோல் அடிப்பது கடினம், கோணம் குறுகல். ஓரத்துக்காரன் பந்தோடு பாய்ந்தால் தடுப்பாளர்களில் ஒருவராவது அவனை நோக்கிப் போக வேண்டும். அவர் நகர்ந்த இடத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையில் நடுவில் இருப்பவன் நுழைவான். ஆக, ஓரத்தில் ஓடுபவன் தனக்காக ஓடுவதைவிட மற்றவனுக்காக ஓடுவதே அதிகம். பந்தையே தொடாமல் வெறுமனே பக்கக்கோட்டை ஒட்டி நின்றால்கூட அவனுக்காக ஒரு தடுப்பாளர் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். இந்த வேலை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

ஐந்து பேர் வரிசை

பழைய காலத்தில் தாக்குதலுக்கு ஐந்து பேர். பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். அந்த ஐவருக்கும் நம் நாட்டில் வழங்கிய பெயர்கள் அழகானவை: ரைட் அவுட், ரைட் இன், சென்டர் ஃபார்வர்டு, லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட். கல்கத்தா மைதானத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் சொல்வார்கள். லெஃப்ட் அவுட் என்பது இடது ஓரத்துக்காரர். அதே சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'விடுபட்டுப் போனவர்' என்றும் பொருள் உண்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1925-ல் ஆஃப்சைடு சட்டம் மாறியது. அதுவரை தாக்குபவனுக்கு முன்னால் எதிரணியின் மூன்று பேர் இருக்க வேண்டும், அதன் பிறகு இருவர் இருந்தால் போதும் என்றானது. கோல்கள் மழையாகக் கொட்ட ஆரம்பித்தன. அதைத் தடுக்க, நடுவரிசையின் மையத்தில் நின்றவரைப் பின்னால் இழுத்து சென்டர் ஃபார்வர்டுக்கு நேர் காவலாக நிறுத்தினார்கள். லண்டனின் ஆர்சனல் அணியில் ஹெர்பர்ட் சாப்மன் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். அந்தக் காவல்காரருக்குத்தான் பிற்காலத்தில் நம் நாட்டில் ஸ்டாப்பர் என்று பெயர். நடுவழிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. சாவி எங்கே என்று தேடுவதுதான் அடுத்த முப்பது வருட வரலாறு.

1953-ஆம் வருடம் இங்கிலாந்தில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. இரண்டும் நடந்தது ஒரே மைதானத்தில், வெம்ப்லியில். மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். பிளாக்பூல் அணி 1-3 என்று பின்தங்கியிருந்து போல்டனை 4-3 என்று வென்றது. அதில் மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மார்டென்சன். சென்டர் ஃபார்வர்டு. ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஊரும் உலகமும் வைத்த பெயர் 'மேத்யூஸ் இறுதி ஆட்டம்'. ரைட் அவுட்டாக ஆடிய ஸ்டான்லி மேத்யூஸ் வலது ஓரத்தில் போட்ட ஆட்டமும், கடைசி கோலுக்கு அவர் தந்த பந்தும்தான் மக்களுக்கு நினைவில் நின்றன. ஓரத்துக்காரன் நடுவில் நின்றவனை மறக்கடித்த அபூர்வ சம்பவம் இது. மார்டென்சன் பாவம். ஹாட்ரிக் அடித்தும் ஆட்டம் அடுத்தவர் பெயரில் போய்விட்டது!

நவம்பர் 25 அன்று ஹங்கேரி வந்தது. அவர்களுடைய பதில் வேறு. 9-ஆம் எண் சட்டை போட்ட ஹிடகூட்டி, சென்டர் ஃபார்வர்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவே இல்லை. பின்னால் இறங்கிப் போய் ஆடினார். அவருக்குக் காவலாக இருந்த ஹாரி ஜான்ஸ்டனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பின்னாலேயே போனால் கோல் வாசல் திறந்து கிடக்கும், போகாமல் நின்றால் ஹிடகூட்டி சுதந்திரமாக ஆடுவார். ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹிடகூட்டி மட்டும் மூன்று. அந்த ஜான்ஸ்டன்தான் மே மாதம் கோப்பை வாங்கிய பிளாக்பூல் அணித் தலைவர். மேத்யூஸும் மார்டென்சனும்கூட அன்று இங்கிலாந்து அணியில்தான் இருந்தார்கள். ஓரத்தில் உலகத்திலேயே சிறந்தவரை வைத்திருந்தும், நடுவில் ஆள் இல்லாத அணியிடம் தோற்றார்கள்.

இங்கிலாந்துக்கு அன்று பின்வரிசையில் ஆடிய ஆல்ஃப் ராம்சே பிறகு அதே நாட்டின் பயிற்சியாளரானார். 1966-ல் அவர் உலகக்கோப்பை வென்ற அணியில் ஓரத்துக்காரர்களே கிடையாது என்பது தனிக் கதை. நாம் ஹைதராபாத்துக்குப் போவோம். வெம்ப்லியில் நடந்ததை அங்கே ஒருவர் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ரஹீம் சார்

செய்யது அப்துல் ரஹீம். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1950 முதல் 1954 வரை ஐந்து வருடம் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது பயிற்சியாளர் அவர்தான். அடுத்த வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று உதை. நம் ஆட்கள் பலர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலில் ஆடினார்கள். தோல்விக்குக் காலணி இல்லாததுதான் காரணம் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது, காலைவிட மைதானத்தில் ஆட்கள் நிற்கும் இடத்தைப் பற்றி அதிகம் யோசித்தவர் ரஹீம்.

அவர் ஹங்கேரி வழியைப் பிடித்துக்கொண்டார். பந்தை நீண்ட நேரம் வைத்துக்கொள்ளாமல் சட்டென்று கொடுப்பது, கொடுத்துவிட்டு இடம் மாறுவது, யார் எந்த இடத்துக்காரர் என்று எதிரணிக்குப் புரியாமல் செய்வது. இளைஞர்களுக்கு டிரிப்ளிங்கே கூடாது என்ற நிபந்தனையோடு போட்டிகள் நடத்தினார். பலம் குறைந்த காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்றும் ஒரு போட்டி வைத்தார். பிரேசிலுக்கு முன்பே 4-2-4 முறையை உலகில் கொண்டுவந்தவர் ரஹீம்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. அந்தச் சமயத்தில் ஹங்கேரியிலும் பிரேசிலிலும் பலர் ஒரே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆசியாவில் அவருக்கு முன்னால் அப்படி யோசித்தவர் யாருமில்லை என்றால் அது மிகையாகாது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா முதல் சுற்றில் ஹங்கேரியோடு மோத வேண்டியது. ஹங்கேரி விலகிக்கொண்டதால் ஆடாமலே கால் இறுதி. டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்றது இந்தியா. சென்டர் ஃபார்வர்டு நெவில் டிசௌசா மூன்று கோல், கிட்டு ஒரு கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் டிசௌசா. அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. அரை இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 1-4, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம்.

அந்த அணியில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான்.

அம்முகுடா பையன்

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகுடா என்றொரு சிற்றூர். பட்டாளம் இருந்த பகுதி. வேலை தேடி அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில் 1936-ல் பிறந்தவர் பலராம். வறுமையான வீடு. அவருடைய ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் பயிற்சிக்கு ஹைதராபாத் வரச் சொன்னார். தினமும் வந்துபோகக் காசில்லை என்று தெரிந்ததும் சைக்கிள் வாடகைக்கு அவரே பணம் கொடுத்தார் என்பது பலராம் பல இடங்களில் நன்றியோடு சொன்ன செய்தி.

1956-57 சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் வென்றபோது பலராம் அந்த அணியில் இருந்தார். 1957-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 1958-59-ல் அதே கோப்பையை வங்காளத்துக்காக வாங்கினார். 1961-ல் ஈஸ்ட் பெங்கால் அணித் தலைவர். அந்த வருடம் கல்கத்தா லீக்கை அவருடைய அணி வென்றது, லீக்கிலேயே அதிக கோல் அடித்தவரும் அவர்தான், 23 கோல். இந்த எண்ணைக் கவனியுங்கள். எதிரணியின் ஸ்டாப்பர் முதுகில் ஏறிக்கொண்டிருக்கும்போதும் கோல் அடிக்கத் தெரிந்தவருடைய எண் இது. பந்தை வாங்கித் திரும்புவது, இரண்டு பேரை ஏமாற்றுவது, கடைசி நொடியில் பக்கத்து ஆளுக்குக் கொடுப்பது, கொடுக்காமல் தானே அடிப்பது என்று நடுவில் ஆட என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவரிடம் இருந்தன.

1960 ரோம் ஒலிம்பிக். நான்கு வருடத்துக்கு முன்பு தப்பிப்போன ஹங்கேரியோடு இந்த முறை முதல் ஆட்டமே. அவர்கள் பக்கம் ஃப்ளோரியன் ஆல்பர்ட் மாதிரி ஆட்கள். இந்தியா 1-2 என்றுதான் தோற்றது, அந்த ஒரு கோல் பலராம் அடித்தது. அடுத்து பிரான்சோடு 1-1, பி.கே. பானர்ஜி கோல். முன்னணியில் நின்றும் கடைசியில் டிரா. பெருவிடம் 1-3. தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தர்ராஜும் அந்த அணியில் இருந்தார். ஹங்கேரியிடம் ஆட்டம் கற்றுக்கொண்ட வாத்தியாரின் மாணவன், ஹங்கேரிக்கே ஒரு கோல் போட்டதை யாராவது ஒரு பாடப்புத்தகத்தில் சேர்த்திருக்கலாம்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. ரஹீமிடம் ஒரே சமயத்தில் மூன்று அசல் தாக்குதல்காரர்கள் இருந்தார்கள். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம். மூவரையும் மும்மூர்த்திகள் என்பார்கள். பானர்ஜி வலது ஓரத்துக்கென்றே பிறந்தவர். ஓட்டமும் வலது கால் உதையும் அப்படி. சுனிக்குப் பந்து காலிலேயே ஒட்டிக்கொள்ளும், அவரை நடுவிலிருந்து எடுக்க முடியாது. எடுத்தால் அணியின் மூளையே போய்விடும். மிச்சம் பலராம். அவர் நடுவிலும் ஆடுவார், ஓரத்திலும் ஆடுவார். எங்கேயும் ஆடத் தெரிந்தவனுக்கு வரும் கதி நம் ஊர் வீடுகளிலேயே தெரியுமே! அனுசரித்துப் போகிற பிள்ளையைத்தான் "நீ கொஞ்சம் தள்ளி உட்கார்" என்பார்கள். பலராம் இடது ஓரத்துக்குப் போனார்.

ஜகார்த்தா, 1962

நான்காவது ஆசிய விளையாட்டு. ரஹீமின் உடம்பில் அப்போதே புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதி.

ஜர்னைல் இல்லாமல் முடியாது, ஆனால் தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் வருகிற பந்தையெல்லாம் முட்டித் தள்ளவும் முடியாது. ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். ஊரே திகைத்தது. தடுப்பாளனை முன்னால் விடுவதா? ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்வரிசையில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், ஜர்னைலின் உடம்பு. அப்படி ஒரு ஆள் கோல் வாசலில் நின்றால் இரண்டு தடுப்பாளர்களாவது அவரை ஒட்டியே நிற்க வேண்டும். இரண்டு ஓரமும் திறந்துவிடும். வலது ஓரத்தில் பானர்ஜி, இடது ஓரத்தில் பலராம், இடையில் சுனி.

எவ்வளவு தலைகீழ் பாருங்கள். ஸ்டாப்பர் சென்டர் ஃபார்வர்டு. கல்கத்தா லீக்கில் 23 கோல் அடித்தவர் ஓரத்தில். இதை ஏதோ வேறு வழியில்லாமல் செய்த ஒட்டுவேலை என்று நினைப்பது தப்பு. நடுவாட்டம் தெரிந்தவனை ஓரத்தில் வைத்தால் அவன் வெறுமனே பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்கமாட்டான். உள்ளே நுழைவான். கோலும் அடிப்பான். காவலுக்கு வந்தவன் அவனை வெளியே விரட்டுவதா உள்ளே விடாமல் மறிப்பதா என்று தவிப்பான். ஹிடகூட்டி முன்னும் பின்னுமாகச் செய்த குழப்பத்தை ரஹீம் பக்கவாட்டில் செய்தார்.

அரை இறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றார்கள். சுனி இரண்டு, ஜர்னைல் ஒன்று. செப்டம்பர் 4 இறுதி ஆட்டம், மறுபடி தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்ளாததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்துப் பேசியதால் இந்தோனேசியர்களுக்கு இந்தியா மேல் கடுங்கோபம். செனயான் அரங்கம் முழுக்க ஊளை. பதினேழாவது நிமிடம் பானர்ஜி கோல். இருபதாவது நிமிடம் ஜர்னைல் கோல். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்று போட்டது. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 2-1. தங்கம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்தத் தொடரில் இந்தியா அடித்தது மொத்தம் 11 கோல். பானர்ஜி 4, சுனி 3, பலராம் 2, ஜர்னைல் 2. ஓரத்தில் ஆடிய இரண்டு பேரும் சேர்ந்து 6. நடுவில் ஆடிய இரண்டு பேரும் சேர்ந்து 5. ஓரம் என்பது நடுவுக்கு வேலைக்காரன் என்ற பழைய எண்ணத்துக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? 1962-ல்! ஐரோப்பாவில் ஓரத்துக்காரர்களை ஒழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்!

பிறகு

ரஹீம் 1963 ஜூன் 11 அன்று இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன் பிறகு தங்கம் வாங்கவில்லை. 1970-ல் ஒரு வெண்கலம், அவ்வளவுதான்.

பலராமின் ஆட்டமும் அதே 1963-ல் முடிந்தது. நுரையீரல் நோய். வயது இருபத்தேழு கூட முழுசாக நிறையவில்லை. 1962-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. பத்மஸ்ரீ சுனிக்கு 1983-ல் வந்தது, பானர்ஜிக்கு 1990-ல் வந்தது. பலராமுக்குக் கடைசி வரை வரவில்லை.

ஓரத்தில் ஆடியதால்தான் மறந்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பானர்ஜியும் ஓரத்துக்காரர்தான். ஆனால் பானர்ஜி அதன் பிறகும் சில வருடம் ஆடினார், பிறகு பயிற்சியாளராகக் கல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளையும் இந்திய அணியையும் நடத்தினார், இரண்டு தலைமுறைக்குப் பெயர் நிலைத்தது. சுனி 1962 அணியின் தலைவர். அதோடு கிரிக்கெட்டிலும் வங்காளத்தை ரஞ்சி இறுதி வரை கொண்டுபோனவர். இருவரும் வங்காளிகள், கல்கத்தா பத்திரிகைகளுக்கு வீட்டுப் பிள்ளைகள். பலராம் செகந்திராபாத்தில் பிறந்த தமிழர், புகழ்பெற்றது கல்கத்தாவில், கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் அந்தப் பக்கத்தில். வங்காளம் அவரை ஹைதராபாத்காரர் என்றது, ஆந்திரா அவரைக் கல்கத்தாக்காரர் என்றது, தமிழ்நாட்டுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. மைதானத்தில் மட்டுமல்ல, மேப்பிலும் அவர் ஓரத்தில்தான் நின்றார்.

இருந்தாலும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. பானர்ஜிக்கு வலது ஓரம் சொந்த வீடு. 'ரைட் அவுட் என்றால் பி.கே.' என்று ஒரு பிம்பம் உருவானது. பலராமுக்கு அப்படி ஒரு பிம்பம் உருவாகவில்லை. லெஃப்ட் இன், லெஃப்ட் அவுட், சென்டர் ஃபார்வர்டு என்று எங்கே ஆள் இல்லையோ அங்கே ஆடினார். எல்லா இடத்தையும் நிரப்பியவருக்கு நினைவில் ஓர் இடம் இல்லாமல் போனது.

ஓரத்தின் காலம்

வேடிக்கை என்னவென்றால், பலராம் செய்த வேலைதான் பிற்காலத்தில் கால்பந்தின் மிக விலை உயர்ந்த வேலையானது. இடது கால்காரர் அர்யென் ராபன் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டிவந்து கோல் அடிப்பார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று உலகத்துக்கே தெரியும், தடுக்கத்தான் முடியாது. கிறிஸ்டியானோ ரொனால்டோ தன் பெரும்பாலான புகழ்பெற்ற வருடங்களில் இடது ஓரத்திலிருந்து உள்ளே வந்தவர். மெஸ்ஸி வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். 2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் பயிற்சியாளர் குவார்டியோலா அவரை நடுவுக்கு மாற்றி, சென்டர் ஃபார்வர்டு எட்டோவை ஓரத்துக்கு அனுப்பினார். நடுவுக்கு வந்த மெஸ்ஸி ஹிடகூட்டி மாதிரியே பின்னால் இறங்கி ஆடினார். பார்சிலோனா 6, ரியல் 2. ஐம்பத்தாறு வருடம் கழித்தும் தடுப்பாளர்களுக்கு அதே ஜான்ஸ்டன் குழப்பம்!

நம் நாட்டிலும் இது நடந்தது. 2017-18 ஐ.எஸ்.எல். தொடரில் பெங்களூரு அணி வெனிசுவேலாக்காரர் மிக்குவை நடுவில் வைத்தது, சுனில் சேத்ரியை இடது ஓரத்துக்கு அனுப்பியது. இந்தியாவிலேயே அதிக கோல் அடித்தவரை ஓரத்துக்கு அனுப்புவதா என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். மிக்கு 15 கோல், சேத்ரி 14 கோல். ஓரத்துக்குப் போனதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. (இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று அவர்களை வென்றதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதில் இரண்டு கோலைத் தலையால் முட்டிப் போட்ட மைல்சன் ஆல்வஸ் ஒரு தடுப்பாளர். ஜர்னைல் சிங் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.)

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சேத்ரி ஓரத்துக்குப் போனபோது ஒவ்வொரு ஆட்டமும் டிவியில் வந்தது. அவர் எங்கே நின்றார், எத்தனை முறை உள்ளே வந்தார், யாருக்கு வழிவிட்டார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பலராமின் ஆட்டத்தைத் தேடினால் சில புகைப்படங்களும், அவரோடு ஆடியவர்கள் சொன்ன கதைகளும், ஸ்கோர் விவரமும்தான் கிடைக்கும். ஸ்கோர் விவரத்தில் கோல் அடித்தவர் பெயர் இருக்கும். ஒரு தடுப்பாளரை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நடுவில் ஓட்டை போட்டவர் பெயர் இருக்காது. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தின் இரண்டு கோல் பட்டியலிலும் பலராம் பெயர் இல்லை. அன்று எழுபது நிமிடத்துக்கும் மேல் அந்த முன்னிலையைக் காப்பாற்றிய பதினொரு பேரில் அவர் ஒருவர்.

2020-ல் மார்ச் மாதம் பானர்ஜியும், ஏப்ரல் மாதம் சுனியும் இறந்தார்கள். மும்மூர்த்திகளில் கடைசியாக மிஞ்சிய பலராம் 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் காலமானார். ரஹீமைப் பற்றி அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' இந்திப் படம் 2024 ஏப்ரலில்தான் திரைக்கு வந்தது. அதில் பலராமும் ஒரு பாத்திரம். அதைப் பார்க்க மூவரில் ஒருவரும் இல்லை.

அவர் இறந்த அதே 2023-ல் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசாவிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார். விங்கர். ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுடன் ஆட்டம். அதற்கு முன்பு தொடர்ந்து எட்டு டெர்பி ஆட்டங்களில் ஈஸ்ட் பெங்கால் தோற்றிருந்தது. அறுபதாவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்து நந்தகுமாரிடம் வந்தது. எதிரில் நின்றவரை ஏமாற்றி உள்ளே வெட்டினார், இடது காலால் வளைத்து அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 1, மோகன் பகான் 0. சால்ட் லேக் அரங்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஆட்கள் அழுதார்கள், கத்தினார்கள். ஒரு தமிழ்ப் பையன் ஓரத்தில் ஆரம்பித்து நடுவில் முடித்த அந்த கோலை இணையத்தில் யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.